உள்ளே வருவதும் வெளியே போவதும்: ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள்

மனிதன் ஒரு நாளில் எத்தனை வாசல்களைக் கடக்கிறான் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வீட்டு வாசல், பாடசாலை வாசல், பஸ் வண்டியின் மிதிபலகை, கந்தோர்க் கதவு, டொக்டரின் அறை, வங்கி, விமான நிலையம் என்று அது நீண்டுகொண்டே போகும். இவ்விடங்களில் நுழையும்போதும் வெளியேறும்போதும் நாம் ஏதோ ஒன்றைச் சொல்கிறோம். அல்லது சுவரில் எழுதியிருக்கும் ஏதோ ஒன்றை வாசிக்கிறோம். நமது நாட்டில் இச்சொற்களில் பல ஆங்கிலச் சொற்களாகவே இருக்கின்றன. 'கம் இன்', 'கெட் அவுட்', 'எக்ஸிட்', 'நோ என்ட்ரி', 'எட்மிஷன்', 'டிஸ்சார்ஜ்', 'லீவ்' போன்றவற்றை ஆங்கிலம் படிக்காத எமது தாய்மாரும் அன்றாடம் உச்சரிக்கிறார்கள்.

பழகிய சொற்கள் என்பதால் இவற்றை நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். இடறி விழுவதும் இங்கேதான். கடினமான சொல் வந்தால் மாணவன் அகராதியைத் தேடுவான். 'இன்', 'அவுட்', 'ஒன்', 'ஒஃப்' ஆகியவற்றுக்காக யார் அகராதியைத் திறக்கப் போகிறார்கள்? ஆனால் விண்ணப்பப் பத்திரத்திலும், நேர்முகப் பரீட்சையிலும், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்திலும் ஒருவரின் காரியம் கெடுவதற்கு இந்தச் சின்னச் சொற்களே போதுமாக இருக்கின்றன.

இதற்குக் காரணம் உண்டு. தமிழில் வினைச்சொல்லே வேலையைச் செய்துவிடுகிறது. ஏறு, இறங்கு, நுழை, புகு, வெளியேறு, புறப்படு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சு வழக்கிலோ 'கெட்', 'கோ', 'கம்', 'வோக்' போன்ற சில வினைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்தான் திசையைக் காட்டுகிறது. அரபு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'ரகிப ஃபீ' என்றால் ஒன்றை விரும்பினான். 'ரகிப அன்' என்றால் அதே ஒன்றை வெறுத்து ஒதுங்கினான். வினை மாறவில்லை; பின்னால் வந்த ஓர் இடைச்சொல் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. ஆங்கிலத்தின் இந்தப் பகுதியையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் விளக்கம் இலகுவாகும்.

வாசலில் நின்று கேட்பது

'மே ஐ கம் இன்?' என்பதுதான் எமது பிள்ளைகள் பாடசாலையில் முதன்முதல் கற்றுக்கொள்ளும் ஆங்கில வாக்கியங்களில் ஒன்று. 'நான் உள்ளே வரலாமா?' என்று அனுமதி கேட்பது இது. 'கென் ஐ கம் இன்?' என்றும் கேட்கலாம், பிழையில்லை. 'மே' என்பதில் மரியாதை சற்றுக் கூடுதல் என்பதால் நேர்முகப் பரீட்சைக்கும் பெரியவர்களின் அறைக்கும் அதுவே பொருந்தும்.

பதில் சொல்பவரும் கவனிக்க வேண்டும். 'கம் இன்' என்றால் 'உள்ளே வாருங்கள்'. 'ப்ளீஸ் கம் இன்' என்றால் அதில் பணிவு சேர்கிறது. 'டூ கம் இன்' என்று சொன்னால் 'அவசியம் வாருங்கள், தயங்க வேண்டாம்' என்ற அன்பான வற்புறுத்தல். வெறும் 'கம்' என்பதோ வேலைக்காரனைக் கூப்பிடுவது போல ஒலிக்கும். தமிழில் 'வாங்க' என்ற ஒரே சொல்லில் மரியாதை அடங்கிவிடுவதால், அதை அப்படியே 'கம்' என்று மாற்றினால் போதும் என்று எம்மவர்கள் நினைக்கிறார்கள். 'வாங்க' என்பதிலுள்ள 'ங்க' அந்தக் 'கம்'மில் இல்லை. அதற்குரிய இடத்தை 'ப்ளீஸ்' நிரப்ப வேண்டும்.

இன்னொன்று 'ஆஃப்டர் யூ'. கதவடியில் இருவர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒருவர் ஒதுங்கி நின்று இதைச் சொல்வார். 'உங்களுக்குப் பிறகு' என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டு, 'என்ன பிறகு?' என்று யோசித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. 'நீங்கள் முதலில் போங்கள்' என்பதே அதன் கருத்து. 'தேங்க் யூ' என்று சொல்லிவிட்டு முன்னால் செல்வதே அதற்கான பதில்.

'கெட் அவுட்' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வகுப்பறையில் சில ஆசிரியர்களின் வாயில் இது மிகச் சாதாரணமாக வருகிறது. ஆங்கிலேயரின் காதில் இது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போன்ற சொல். வேறு வழியுண்டு. 'வுட் யூ வெயிட் அவுட்சைட், ப்ளீஸ்?' என்றால் 'தயவுசெய்து சற்று வெளியே இருக்கிறீர்களா?' என்று பொருள். வைத்தியசாலையில் நோயாளியின் உறவினரை அனுப்பும்போதும், கந்தோரில் பலர் ஒரே நேரத்தில் உள்ளே புகும்போதும் இந்த வாக்கியம் காரியத்தையும் முடிக்கும், மனதையும் நோகடிக்காது. 'யூ மே கோ நவ்' என்பதும் அப்படித்தான். 'இப்போது நீ போகலாம்' என்று மேலதிகாரி கீழுள்ளவருக்குச் சொல்வது அது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமோ ஆசிரியரிடமோ அதைச் சொல்லிவிடக் கூடாது.

'என்டர்' என்ற சொல்லில் ஒரு பொதுவான தவறு உண்டு. அறைக்குள் நுழைவதை 'என்டர் த ரூம்' என்றே எழுத வேண்டும். 'என்டர்' என்பதிலேயே 'உள்ளே' அடங்கியிருப்பதால் 'இன்டு' தேவையில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தத்திலோ பேச்சுவார்த்தையிலோ ஈடுபடுவதாயின் 'என்டர் இன்டு' என்று எழுத வேண்டும். அறைக்கு 'இன்டு' இல்லை, உடன்படிக்கைக்கு உண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஏறுவதும் இறங்குவதும்

பஸ் வண்டியில் ஏறுவது 'கெட் ஒன்'. இறங்குவது 'கெட் ஒஃப்'. காரில் ஏறுவது 'கெட் இன்'. இறங்குவது 'கெட் அவுட்'. ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பார்கள். நின்று நடக்கக்கூடிய பெரிய வாகனமானால் 'ஒன்', 'ஒஃப்'. பஸ், ரயில், கப்பல், விமானம் யாவும் இதில் அடங்கும். குனிந்து நுழைந்து உட்காரவேண்டிய சிறிய வாகனமானால் 'இன்', 'அவுட்'. கார், டெக்ஸி, முச்சக்கர வண்டி ஆகியன இந்த வகை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை போன்று மேலே ஏறிக் குந்துபவை மீண்டும் 'ஒன்', 'ஒஃப்' பக்கம் சேரும்.

'கெட் அவுட்' என்ற அதே சொல் இங்கே எந்தக் கோபமுமின்றி வருவதைக் கவனியுங்கள். 'அவர் காரிலிருந்து இறங்கினார்' என்பதற்கு 'ஹி கொட் அவுட் ஒஃப் த கார்' என்பதே சரியான வாக்கியம். வகுப்பறையில் ஏசுவதும் காரிலிருந்து இறங்குவதும் ஒரே சொல்தான். இடமும் தொனியும் பொருளைத் தீர்மானிக்கின்றன.

நாம் இறங்குவதற்கு 'கெட் டவுன்' என்கிறோம். இந்தியாவிலும் அப்படியே சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 'கெட் டவுன்' என்றால் மரத்திலிருந்தோ மேசையிலிருந்தோ கீழே இறங்குவது. அவசரத்தில் உரக்கச் சொன்னால் 'தலையைக் குனி, தரையில் படு' என்றும் பொருள்படும். எமது வியாபாரிகளிடம் இன்னுமொரு 'கெட் டவுன்' இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைப்பதை 'கெட் டவுன் பண்ணினோம்' என்பார்கள். இலங்கையர் ஒருவருக்கு அது உடனே விளங்கும். லண்டனில் உள்ள ஒரு கம்பனிக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் 'இம்போர்ட்' என்றோ 'ஓடர்' என்றோ எழுதுவது நல்லது.

'போயிட்டு வாறன்'

எமது வீடுகளில் எவரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்வோம். தப்பித் தவறி 'போறன்' என்று சொன்னால் வீட்டிலுள்ள மூத்தவர்கள், 'அப்படிச் சொல்லாத, போயிட்டு வாறன் எண்டு சொல்லு' என்று திருத்துவார்கள். 'போய்விட்டார்' என்பது இறந்தவரைப் பற்றிச் சொல்லும் சொல்லுமாக இருப்பதால் வந்த பழக்கம் இது. போகும்போதே வரவையும் சேர்த்துச் சொல்வதில் ஓர் அழகு இருக்கிறது.

இதையே நாம் ஆங்கிலத்தில் 'ஐ வில் கோ அன்ட் கம்' என்று சொல்கிறோம். இலங்கை ஆங்கிலத்தில் இது வேரூன்றிய வழக்கு. இலங்கை ஆங்கிலத்திற்கெனத் தனி அகராதி ஒன்றை மைக்கல் மெய்லர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாம் நாட்டுக்குள் ஒருவரோடொருவர் பேசும் ஆங்கிலத்துக்கும் அதற்கே உரிய முறை உண்டு என்பதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. ஆகவே இதைச் சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்நியர் ஒருவரிடம் சொல்லும்போது விளைவை அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் ஒருவர் வீட்டில் தேநீர் அருந்திவிட்டு 'ஐ வில் கோ அன்ட் கம்' என்று சொன்னால், இவர் பக்கத்தில் எங்கோ போய்விட்டுச் சற்று நேரத்தில் திரும்பி வருவார் என்றே அவர் விளங்கிக்கொள்வார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவரிடம் விடைபெற 'ஐ மஸ்ட் பி ஒஃப் நவ்' என்றோ 'ஐ ஷுட் பி கோயிங்' என்றோ சொல்ல வேண்டும். உண்மையிலேயே திரும்பி வருவதாயின் 'ஐ வில் பி பெக்' போதும். மறுபுறம், அவர்கள் 'சீ யூ லேட்டர்' என்று சொன்னால் இன்று மாலை சந்திப்பு இருக்கிறது என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அது எமது 'போயிட்டு வாறன்' போன்ற ஒரு விடைபெறும் வார்த்தை மட்டுமே.

'கோன்', 'பீன்' என்ற இரண்டும் பலரைக் குழப்புகின்றன. 'ஹி ஹேஸ் கோன் டு மக்கா' என்றால் அவர் மக்காவுக்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. 'ஹி ஹேஸ் பீன் டு மக்கா' என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டார். ஹஜ்ஜை முடித்து வந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரைப் பற்றிக் 'கோன்' என்று எழுதினால் அவரை மீண்டும் பயணத்துக்கு அனுப்பியதாகிவிடும்.

தொலைபேசியிலும் இதே கவனம் வேண்டும். 'இஸ் யோர் ஃபாதர் இன்?' என்று கேட்டால் 'தந்தை வீட்டில் இருக்கிறாரா?' என்று பொருள். 'ஹி இஸ் அவுட்' என்றால் வெளியே போயிருக்கிறார், விரைவில் வருவார். 'ஹி இஸ் அவே' என்றால் ஊரிலேயே இல்லை, வர நாளாகும். 'ஹி இஸ் நோ மோர்' என்றால் அவர் மரணித்துவிட்டார். 'இப்போது இங்கே இல்லை' என்ற எண்ணத்தில் பிள்ளைகள் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிடாமல் பழக்க வேண்டும்.

'கோ அவுட்' என்பதில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வெளியே உலாவச் செல்வது 'கோ அவுட்'. விளக்கு அணைந்து போவதும் 'கோ அவுட்'. ஆனால் 'கோயிங் அவுட் வித்' என்று ஒருவரின் பெயரைச் சேர்த்தால் அவரைக் காதலிப்பதாகப் பொருள் வந்துவிடும். 'நேற்று மச்சானோடு கடைக்குப் போனேன்' என்று எழுத விரும்பும் பிள்ளை 'ஐ வென்ட் டு த ஷொப் வித் மை கஸின்' என்று எழுதட்டும்.

லீவ், பாஸ் அவுட், டிஸ்சார்ஜ்

'லீவ்' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் விடுமுறை. வினைச்சொல்லாக வந்தால் விட்டுச் செல்வது. 'ஐ வோன்ட் லீவ்' என்றால் எனக்கு விடுமுறை வேண்டும். இடையில் ஒரு 'டு' சேர்த்து 'ஐ வோன்ட் டு லீவ்' என்றால் நான் போக விரும்புகிறேன். கந்தோரில் சொன்னால் வேலையை விட விரும்புகிறேன் என்றும் கொள்ளப்படும். மேலதிகாரியோடு ஏற்கனவே மனக்கசப்பு இருக்கும் ஒருவர் இப்படி எழுத்தில் கொடுத்துவிட்டால் அது இராஜினாமாக் கடிதமாகவே வாசிக்கப்பட இடமுண்டு.

'லீவ்' என்பதற்கும் 'லீவ் ஃபோர்' என்பதற்கும் திசையே வேறு. 'ஐ லெஃப்ட் கொழும்பு' என்றால் கொழும்பை விட்டுப் புறப்பட்டேன். 'ஐ லெஃப்ட் ஃபோர் கொழும்பு' என்றால் கொழும்பை நோக்கிப் புறப்பட்டேன். மேலே சொன்ன 'ரகிப ஃபீ', 'ரகிப அன்' உதாரணத்தை இங்கே நினைவுகூருங்கள். கட்டுநாயக்கவில் ஒருவரை வரவேற்கச் செல்லும் உறவினருக்கு 'ஃபோர்' விடுபட்டுப்போன ஒரு குறுஞ்செய்தி கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

'பாஸ் அவுட்' என்பதை நாம் பட்டம் பெற்று வெளியேறுவதற்குப் பயன்படுத்துகிறோம். பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிந்து நடக்கும் அணிவகுப்புக்கு 'பாஸிங் அவுட் பரேட்' என்ற பெயர் ஆங்கிலேயரிடமும் உண்டு. ஆனால் சாதாரணப் பேச்சில் 'ஹி பாஸ்ட் அவுட்' என்றால் அவர் மயங்கி விழுந்தார் என்பதே கருத்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர் 'நான் 2015இல் கல்லூரியில் பாஸ் அவுட் ஆனேன்' என்று எழுதாமல் 'கிரெஜுவேட்டட்' என்று எழுதுவதே பாதுகாப்பானது. படிப்பை இடையில் விட்டவரைக் குறிப்பது 'ட்ரொப் அவுட்'. இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் படித்து முடித்தவர் படிக்காதவராகிவிடுவார்.

'வோக் அவுட்' என்பது எதிர்ப்பைக் காட்டி வெளியேறுவது. பாராளுமன்றச் செய்திகளில் 'வெளிநடப்பு' என்று வருவது இதுவே. பத்திரிகை விளம்பரத்தில் வரும் 'வோக் இன் இன்டர்வியூ' என்பது முன்கூட்டியே நேரம் குறிக்காமல் நேரே போய்த் தோற்றக்கூடிய நேர்முகப் பரீட்சை. அழைப்புக் கடிதம் வரும் என்று வீட்டில் காத்திருந்தால் வாய்ப்புத் தவறிவிடும்.

'டிஸ்சார்ஜ்' என்பது வைத்தியசாலையில் மகிழ்ச்சியான சொல். நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீதிமன்றத்தில் விடுவிப்பு. வேலையிடத்திலோ அது பணி நீக்கமாகவும் இருக்கலாம். 'லொக் அவுட்' என்ற சொல் கைத்தொலைபேசியோடு வந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். தமிழில் எழுதும்போது இரண்டு வெவ்வேறு சொற்கள் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று பூட்டு என்ற பொருளிலிருந்து வருவது. முதலாளி தொழிற்சாலைக் கதவைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்துவது. மற்றது, கப்பலில் அன்றாடப் பதிவுகளை எழுதிவைக்கும் 'லொக் புக்' என்ற பதிவேட்டிலிருந்து வந்தது. கணினியில் எமது வரவையும் வெளியேற்றத்தையும் பதிவது. வங்கிக் கணக்கைப் பிறரது கணினியில் திறந்தவர் இந்த இரண்டாவது 'லொக் அவுட்'டை மறந்தால், வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதற்குச் சமம்.

சுவரில் எழுதியிருப்பவை

'எக்ஸிட்' என்பது இலத்தீன் சொல். 'அவன் வெளியே போகிறான்' என்பதே அதன் நேர்ப்பொருள். பழைய ஆங்கில நாடகப் பிரதிகளில் ஒரு பாத்திரம் மேடையை விட்டுச் செல்லும்போது 'எக்ஸிட்' என்றும், பலர் சென்றால் பன்மையில் 'எக்ஸியன்ட்' என்றும் எழுதினார்கள். அந்தச் சொல்தான் இன்று உலகமெங்கும் கதவுகளுக்கு மேலே தொங்குகிறது. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 'வே அவுட்' என்று எழுதியிருப்பார்கள். பொருள் ஒன்றே.

சொல் தெரியாதவர் எப்படி ஏமாறுவார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் நியூயோர்க் நகரில் பி. டி. பார்னம் என்பவர் ஒரு பெரிய அரும்பொருட்காட்சிச் சாலையை நடத்தினார். கூட்டம் உள்ளேயே தேங்கி நின்றதால் புதியவர்களுக்கு இடமில்லாமல் போனது. 'எக்ரெஸ் பக்கம் செல்லும் வழி' என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டாராம். 'எக்ரெஸ்' என்பது ஏதோ அபூர்வப் பறவையோ மிருகமோ என்று எண்ணி மக்கள் ஆவலோடு அந்தக் கதவைத் திறந்தார்கள். அடுத்த கணம் தெருவில் நின்றார்கள். 'எக்ரெஸ்' என்பதும் வெளிவாசலைக் குறிக்கும் இன்னொரு சொல்தான். மீண்டும் உள்ளே போக இன்னொரு டிக்கட் வாங்க வேண்டியிருந்தது.

இது சிரிக்க வைக்கும் கதை. தீ விபத்தின்போது சிரிப்பு வராது. 'ஃபயர் எக்ஸிட், கீப் கிளியர்' என்றால் 'தீ அவசர வாசல், இவ்விடத்தை மறிக்காதீர்கள்' என்று பொருள். அந்த வாசலுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கடைகள் எத்தனை! 1911 மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க்கில் டிரையங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது 146 பேர் மாண்டார்கள். வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். இறந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புத் தேடி வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறிய இளம் பெண்கள்.

ஆங்கிலம் தெரியாதவருக்கும் வாசல் தெரிய வேண்டும் என்பதால்தான் இன்று பல நாடுகளில் சொல்லுக்குப் பதிலாகக் கதவை நோக்கி ஓடும் பச்சை மனித உருவத்தை வைக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் 1970களின் இறுதியில் அதை உருவாக்கினார். பின்னர் 1980களில் சர்வதேச தர நிர்ணய அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது.

'நோ என்ட்ரி' என்றால் இவ்வழியே நுழையக் கூடாது. 'ஸ்டாஃப் ஒன்லி' என்றால் பணியாளருக்கு மட்டும். 'எட்மிஷன் ஃப்ரீ' என்றால் நுழைவு இலவசம். 'நோ த்ரூ ரோட்' என்பதை வாசித்துவிட்டு இப்பாதையில் போகவே கூடாது என்று திரும்பிவிடுவோர் உண்டு. போகலாம், மறுமுனையில் வெளியேற வழியில்லை என்பதே அதன் செய்தி.

ஒரே தாளில் இரண்டு வகை 'எக்ஸிட்'

இச்சொற்களில் எமது சமூகத்தின் வயிற்றைத் தொடுகின்ற ஒன்றை இறுதியாக வைத்திருக்கிறேன். சவூதி அரேபியாவில் தொழில் செய்யும் ஒருவர் விடுமுறையில் ஊர் வருவதாயின் 'எக்ஸிட் ரீ-என்ட்ரி' என்ற அனுமதி பெறுகிறார். வெளியேறி மீண்டும் நுழைவதற்கானது அது. அரபியில் 'குரூஜ் வ அவ்தா' என்பார்கள். வேலையை முற்றாக முடித்துக்கொண்டு வருவதாயின் 'ஃபைனல் எக்ஸிட்'. அரபியில் 'குரூஜ் நிஹாயீ'. இரண்டிலும் 'எக்ஸிட்' இருக்கிறது, இரண்டிலும் 'குரூஜ்' இருக்கிறது. பின்னால் வரும் சொல்லில்தான் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கிறது.

என்னிடம் ஓரிரு வருடம் ஓதிவிட்டு வெளிநாடு சென்ற ஒரு பிள்ளை, இரண்டு மாத விடுமுறை என்று நம்பி ஒரு தாளில் கையொப்பமிட்டு ஊர் வந்தார். திரும்பிப் போவதற்கு ஆயத்தமானபோதுதான் பயணம் அடைபட்டிருப்பது தெரியவந்தது. தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 'நிஹாயீ' என்ற சொல் தெளிவாகவே இருந்தது. 'எக்ஸிட் எண்டு இருந்தது ஹஸ்ரத், ஊருக்குப் போறதுக்குத்தானே எண்டு நினைச்சன்' என்றார். வீடு கட்டப் பட்ட கடனும், தங்கையின் கல்யாணமும் அந்த ஒரு சொல்லில் நின்றன. மறுபடி ஒரு வேலை தேடிப் போக அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

2021 மார்ச் மாதம் முதல் சவூதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, தனியார் துறைத் தொழிலாளர்கள் இவ்வனுமதிகளுக்குத் தாமே இணைய வழியாக விண்ணப்பிக்க முடியும். வீட்டுப் பணியாளர்கள் அச்சீர்திருத்தத்தில் உள்ளடக்கப்படவில்லை. தாமே விண்ணப்பிக்கலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் முன்பு முதலாளியின் கையில் இருந்த பொத்தான் இப்போது தொழிலாளியின் விரலுக்கு வந்திருக்கிறது. எந்தப் பொத்தான் எது என்று அந்த விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வீட்டுப் பணிக்குச் சென்றிருக்கும் எமது சகோதரிகளோ இன்னும் பிறர் நீட்டும் தாளையே நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையாவது புறப்படும் முன்பே கற்றுக்கொடுப்பது குடும்பத்தாரின் கடமை. கையொப்பமிடும் முன் தாளைப் படம் பிடித்து, வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்கும் வசதி இன்று எல்லோரிடமும் இருக்கிறது.

வரவேற்பும் பிரியாவிடையும்

இந்தச் சொற்களை அச்சத்தோடு மட்டும் பார்க்கத் தேவையில்லை. அவற்றுக்குள் நல்ல மனிதப் பண்பும் உறைந்திருக்கிறது. 'வெல்கம்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'வில்குமா'. விருப்பத்துக்குரிய விருந்தாளி என்பது அதன் பொருள். அரபுக்காரர் 'அஹ்லன் வ ஸஹ்லன்' என்று வரவேற்பதும் அதே உணர்வுதான்: நீங்கள் உங்கள் சொந்தக்காரரிடமே வந்திருக்கிறீர்கள், மேடு பள்ளமில்லாத நிலத்தில் கால் வைத்திருக்கிறீர்கள். 'ஃபெயர்வெல்' என்றால் 'நலமாகப் பயணம் செய்' என்ற வாழ்த்து. 'குட்பை' என்பதைப் பலர் 'நல்ல' என்பதோடு தொடர்புபடுத்துகிறார்கள். உண்மையில் அது 'கொட் பி வித் யீ', அதாவது 'இறைவன் உம்மோடு இருப்பானாக' என்ற பிரார்த்தனை சுருங்கி வந்த சொல். நாம் பயணம் செல்பவரை 'ஃபீ அமானில்லாஹ்' என்று வழியனுப்புவதற்கும் இதற்கும் மூலத்தில் வெகுதூரமில்லை.

பிள்ளைகளுக்கு இச்சொற்களை எப்படிக் கற்றுக்கொடுப்பது? பட்டியலாக மனனமிடச் செய்வதால் பயன் குறைவு. இடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பஸ்ஸில் ஏறும்போது 'கெட் ஒன்', இறங்கும்போது 'கெட் ஒஃப்' என்று அந்த இடத்திலேயே சொன்னால் மறக்காது. எப்போதும் சோடியாகச் சொல்லுங்கள். உள்ளே போகும் சொல்லைக் கற்ற அன்றே வெளியேறும் சொல்லையும் கற்கட்டும். கடைசியாக, வினைச்சொல்லை வாசித்தவுடன் பார்வையை எடுத்துவிடாமல், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சின்னச் சொல்லையும் வாசிக்கப் பழக்குங்கள். 'லீவ்' என்று கண்டால் அதன் பின்னால் 'ஃபோர்' இருக்கிறதா என்று பார்க்கட்டும். 'எக்ஸிட்' என்று கண்டால் அதன் முன்னால் 'ஃபைனல்' இருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்த ஒரு பழக்கம் நாளை அவர்களை ஒரு பெரிய இழப்பிலிருந்து காக்கலாம்.